மே வெயில்லயும் நீலமாவே எரிஞ்ச பவளச் சிலை: ரிப்பேர் பதிவு

எங்க ஊர்ல, அதான் தூத்துக்குடில, கடற்கரை ஓரமா ஒரு பெரிய பவளச் சிலை நிக்குது. மான்கொம்புப் பவளம் மாதிரி, பதினெட்டு அடி உயரம், எஸ்எஸ் (துருப்பிடிக்காத ஸ்டீல்) பைப்ல கிளை கிளையா, ஒவ்வொரு கிளை நுனிலயும் மங்கலான பாலிகார்பனேட் மூடி, உள்ள எல்இடி. யார் வெச்சாங்க, யார் காசு குடுத்தாங்கங்குறது இங்க வேண்டாம். விஷயம் என்னன்னா கடல் தண்ணி சூடு ஏற ஏற சிலையோட கலர் மாறணும், குளிர்ச்சியா இருந்தா நீலம், சூடு ஏறுனா மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு, இதுதான் ப்ளான். நல்ல ப்ளான்தான். ஆனா மே மாசம், மத்தியானம் கடல்ல கால் வெச்சாலே வெதுவெதுன்னு இருக்குற நேரத்துல, ராத்திரி போய்ப் பாத்தா சிலை ஜில்லுன்னு நீலமா எரியுது. பிள்ளைங்க முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்குது. கீழ பலகையில "இப்போதைய கடல் வெப்பநிலை"ன்னு வேற எழுதிருக்கு.

நான் போட்டுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வாக்கி டாக்கி ரிப்பேர் பண்றவன். சிலைய பாத்துக்கிற பொறுப்புல இருந்தவங்க "லைட்டு நுனில ரெண்டு மூணு எரியல, பாத்துக் குடுங்க"ன்னுதான் கூப்பிட்டாங்க. கலர் தப்புங்குறது அவங்களுக்கே தெரியாது, நீலம் அழகா இருக்குன்னு நெனச்சிருக்காங்க.

ஐடியா எங்க இருந்து வந்திருக்கும்னு எனக்கு ஒரு யூகம் உண்டு. ஆஸ்திரேலியால டவுன்ஸ்வில்னு ஒரு ஊரு, 2019 கடைசில அங்க கடலுக்குள்ளயே நிக்குற மாதிரி ஒரு சிலை வெச்சாங்க, ஓஷன் சைரன்னு பேரு, செஞ்சவரு ஜேசன் டிகெய்ரஸ் டெய்லர். கடலுக்கு அடியில சிலை வெக்கிறதுல பேர் போனவரு. நாலு மீட்டருக்கு மேல உயரம், அந்த மண்ணோட பூர்வகுடியான உல்குருகாபா இனத்துப் பொண்ணு ஒருத்திய மாடலா வெச்சு செஞ்சது, கையில சங்கு ஏந்தி நிப்பா. கிரேட் பேரியர் ரீஃப்ல டேவிஸ் ரீஃப்னு ஒரு இடத்துல வானிலை ஸ்டேஷன் இருக்கு, அங்க இருந்து வர்ற தண்ணி வெப்பநிலைய வெச்சு அந்தச் சிலை நீலத்துல இருந்து சிவப்பு வரைக்கும் கலர் மாறும். அங்க டேட்டாவுக்கு ஒரு ஆராய்ச்சி நிறுவனமே பின்னாடி நிக்குது. இங்க ஜெட்டில இருந்து தண்ணிக்குள்ள தொங்குற, சூடு அளக்குற ஒரே ஒரு ப்ரோப், அம்புட்டுதான்.

முதல்ல பெட்டியத் திறந்தேன். கதவு ரப்பர் காஞ்சு வெடிச்சிருக்கு, அடிப்பக்கம் சேறு படிஞ்ச கோடு ஒண்ணு தெளிவாத் தெரியுது. 2023 டிசம்பர் வெள்ளத்து அடையாளம் அது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மழை, ஊரே நாள் கணக்கா தண்ணில நின்னுச்சு, இந்தப் பெட்டி மட்டும் தப்பிக்குமா. நல்லவேளை போர்டு மேல்தட்டுல இருந்துச்சு. சிலைக்கு மூளையா இருக்குற இஎஸ்பி 32ங்குற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒண்ணு, 12 வோல்ட் சப்ளை, அதுல இருந்து 5 வோல்ட் கன்வர்ட்டர், ஒரு சிம் மோடம் (ரீசார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு), ப்ரோப் வயர். லேப்டாப்ப சொருகி, போர்டு என்ன படிக்குதுன்னு காட்டுற சீரியல் மானிட்டர் பாத்தா வரிசையா ஒரே நம்பர்: -127, -127, -127.

ப்ரோப்புக்குள்ள இருக்குறது டிஎஸ்18பி20ங்குற வெப்பநிலை சென்சார், அத யூஸ் பண்ணுனவங்களுக்கு இந்த நம்பர் பாத்ததும் சிரிப்பு வரும். சென்சாரே கிடைக்கலன்னா, அதப் படிக்கிற ரெடிமேட் ப்ரோகிராம் (லைப்ரரி) திருப்பித் தர்ற நம்பர் அது. அதாவது வயர் எங்கயோ அந்து போச்சு. இப்ப ப்ரோகிராம் கோடு பாக்கணும், அது போர்டோட மெமரிக்குள்ள இருக்கு, நல்லவேளை சோர்ஸ் பைல ஒரு பென்டிரைவ்ல போட்டு பெட்டிலயே டேப் ஒட்டி வெச்சிருந்தாங்க, அதுக்கு சிலை செஞ்ச டீமுக்கு ஒரு கும்பிடு. கலர் முடிவு பண்ற இடம் பத்து வரிகூட இருக்காது. 25 டிகிரிக்குக் கீழ என்ன வந்தாலும் 25ன்னு எடுத்துக்கோ, 33க்கு மேல என்ன வந்தாலும் 33ன்னு எடுத்துக்கோ, நடுவுல நீலத்துல இருந்து சிவப்புக்கு சமமாப் பிரிச்சுக்கோ. அப்ப -127 வந்தா? 25ன்னு எடுத்துக்கும். சுத்தமான நீலம். சென்சார் செத்துப்போன நிமிஷத்துல இருந்து சிலை "கடல் குளுகுளுன்னு இருக்கு மக்களே"ன்னு சொல்லிட்டே நிக்குது.

இதுல இன்னொண்ணு. பக்கத்துல சுண்டல் விக்கிற அக்கா சொன்னாங்க, "முன்னாடியெல்லாம் திடீர் திடீர்னு செக்கச்செவேல்னு ஆகும் தம்பி, அப்புறம் அதுவும் நின்னு போச்சு"ன்னு. அதுவும் கணக்குல வந்துருது. அந்த சென்சார் பவர் கிடைச்சதும் அளக்குறதுக்கு முன்னாடி உள்ள வெச்சிருக்குற நம்பர் 85. ஜாயின்ட்ல உப்பு ஏறி கரண்ட் சரியாப் போகலன்னா அளக்காமலேயே அந்த 85ஐ அனுப்பும், கோடு அத 33ன்னு சுருக்கும், சிலை ரத்தச் சிவப்பு. அப்ப ஜாயின்ட் அரிச்சுட்டு இருந்த காலத்துல சிவப்பு, முழுசா அந்ததுக்கு அப்புறம் நீலம். கடலுக்கும் அந்தக் கலருக்கும் சம்பந்தமே இல்ல.

ப்ரோப்ப இழுத்து மேல எடுத்தேன். கொட்டலசு (படகு அடியில ஒட்டுற ஓட்டு உயிரி) ஒட்டி, பாசி புடிச்சு, சென்சார் எதுன்னே தெரியல. கத்தில சுரண்டிப் பாத்தா கடையில கிடைக்கிற சாதாரண வாட்டர்ப்ரூஃப் ப்ரோப்தான், சின்ன ஸ்டீல் குப்பி, பின்னாடி ஹீட் ஷ்ரிங்க், அதான் சூடு காட்டுனா சுருங்கிப் புடிக்கிற உறை. தண்ணித் தொட்டிக்கு, ஃப்ரிட்ஜுக்கு அது போதும். கடல்ல அந்த ஹீட் ஷ்ரிங்க்கும் ஸ்டீலும் சேருற இடுக்குல உப்புத்தண்ணி தேங்கும், ஆக்சிஜன் கிடைக்காம அந்த இடத்துல மட்டும் ஸ்டீல் அரிக்கும், வெளிய பளபளன்னு இருக்கும், இடுக்குல ஊசி ஓட்டை. இதுலயும் அதேதான். உள்ள செப்புக் கம்பி பச்சைப் பொடியா கொட்டுச்சு.

புது ப்ரோப்புக்கு நான் பண்ணுனது: அரை இஞ்ச் சிபிவிசி பைப் ஒரு சாண் நீளம், ஒரு முனை அடைச்சு, சென்சாரக் குப்பி இல்லாம அப்படியே உள்ள இறக்கி, எபாக்ஸி ஊத்தி நிரப்பிட்டேன். சென்சார் பக்கத்து உலோகம் எதுவும் தண்ணியத் தொடாது. இப்படிப் பண்ணுனா வெப்பம் உள்ள போகக் கொஞ்சம் நேரம் ஆகும், ஆகட்டும், கடல் என்ன நிமிஷத்துக்கு நிமிஷமா மாறப் போகுது. பைப்புக்கு மேல செப்பு டேப் சுத்துனேன், செப்பு இருந்தா கொட்டலசு லேசுல ஒட்டாது. வயரு ஜெல் நிரப்புன அவுட்டோர் கேட்-6 நெட் கேபிள், ஒரு முறுக்கு ஜோடில டேட்டாவும் கிரவுண்டும். தூரம் ஜாஸ்திங்குறதால டேட்டா லைன மேல இழுத்துப் புடிக்கிற புல்-அப் ரெசிஸ்டர் 4.7 கே எடுத்துட்டு 2.2 கே போட்டேன், அதுக்கப்புறம் ஒரு ரீடிங் கூட விட்டுப் போகல.

இங்கதான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டியதாப் போச்சு. இந்த சென்சார் கம்பெனி கணக்குப்படியே அரை டிகிரி கூடக் குறையக் காட்டலாம். மத்த வேலைக்கு அரை டிகிரி ஒரு விஷயமே இல்ல. பவளத்துக்கு? ஒரு இடத்துல வருஷத்துலயே அதிக சூடான மாசம் எதுவோ அந்த மாசத்தோட பல வருஷ சராசரிய எடுத்துக்குவாங்க, அதுக்கு மேல ஒரே ஒரு டிகிரி ஏறுனாப் போதும், வெளிறுற ஆபத்து ஆரம்பம், அதாவது பவளம் கலர் போய் வெள்ளையாகுறது. ஒரு டிகிரிதான் மொத்த விளையாட்டே, அதுல பாதிய சென்சாரே முழுங்கிரும். அதனால ஐஸ் தண்ணில வெச்சு சரிபார்த்தேன். ஹார்பர்ல கிடைக்கிற ஐஸ்பாரு இதுக்கு ஆகாது, உப்பு பட்டிருந்தா ஜீரோவுக்குக் கீழ போயிரும், கேன் தண்ணிய வீட்டு ஃப்ரீசர்ல உறைய வெச்சு உடைச்சு, அதே கேன் தண்ணி கொஞ்சம் ஊத்தி, கூழ் மாதிரி ஆனதும் ப்ரோப்ப நடுவுல வெக்கணும், கலக்கிட்டே இருக்கணும். அதோட காலேஜ் லேப்ல வேலை பாக்குற கூட்டாளிகிட்ட நல்ல கண்ணாடித் தெர்மாமீட்டர் வாங்கி 30 டிகிரி வெந்நீர்லயும் ஒருதடவ ஒப்பிட்டேன், ஏன்னா ஜீரோல சரியா இருக்குறது 30ல சரியா இருக்கணும்னு சட்டம் இல்ல. ரெண்டு இடத்துல எவ்வளவு விலகுதோ அத கோடுல கழிச்சாச்சு.

அடுத்து ப்ரோப்ப எங்க தொங்க விடுறதுங்குறது. பழசு ஜெட்டி ஓரம், இடுப்பளவு தண்ணி. பக்கத்து வீட்டு மாமா அந்தக் காலத்துல சங்கு குளிச்சவரு, அவருகிட்ட காட்டுனேன். "கரைத்தண்ணிய அளந்து என்னத்துக்குல, மத்தியானம் அது குளிக்கிற வெந்நீரு. கொஞ்சம் தள்ளி ஆழத்துல போடு, பாருக்கு எம்புட்டு சூடோ அம்புட்டு தெரியணும்ல"ன்னாரு. பாருன்னு அவரு சொல்றது கடலடிப் பாறைத் திட்டு, பவளம் வளர்ற இடம். 2010லயும் 2016லயும் பார் வெள்ளையாக் கிடந்தத எங்க ஊர்ல கடலுக்குப் போறவங்க எல்லாருமே சொல்லுவாங்க. 2016ல மன்னார் வளைகுடால மட்டும் சுமார் 16 சதவீதம் பவளம் செத்துருச்சுன்னு இங்கயே இருக்குற கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க கணக்கு எடுத்துச் சொன்னாங்க. ஜெட்டியோட கடைசித் தூணுக்கு மாத்தி, அடிமட்டத்துல இருந்து ஒரு கை உயரத்துல கட்டியாச்சு. மாமாதான் முங்கிக் கட்டுனாரு, இந்த வயசுல வேண்டாம்னா கேக்கல.

இப்ப கலர் விஷயம். இதுல எனக்கும் சிலைக்காரங்களுக்கும் நல்ல வாக்குவாதமே நடந்துச்சு. பழைய நீலம்-மஞ்சள்-சிவப்பு வெறும் டிராபிக் சிக்னல், பவளத்துக்கு அதுல ஒண்ணும் இல்ல. சூடு ஏறுனா பவளம் சிவப்பா மாறாது. பவளப் பூச்சியோட சதைக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு, அதுதான் வெயில்ல சமைச்சு பவளத்துக்கு சோறு போடுது, கலரும் அதோடதுதான், பெரும்பாலும் பழுப்பு, பச்சை கலந்த கடுகு நிறம். சூடு தாங்காம போனா அந்தப் பாசியே விஷமா மாறுது, பவளம் அதத் துப்பிருது, சதை கண்ணாடி மாதிரி ஆகி உள்ள இருக்குற சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாத் தெரியுது. அதுக்கப்புறமும் உடனே சாகாது, சில வாரம் பட்டினியில கிடக்கும், தண்ணி குளுந்தா பாசி திரும்பி வரும், இல்லன்னா போச்சு. சில வகை வெளிறுறதுக்கு முன்னாடி நியான் லைட் மாதிரி பளீர்னு ரோஸ், நீலம்னு மின்னும், பாக்க ரொம்ப அழகு, ஆனா அது சாகக் கிடக்குற அழகு. அப்ப சிலை என்ன பண்ணணும்? சாதாரண நாள்ல பழுப்பு. ஆபத்து ஆரம்பிச்சா நியான். அப்புறம் வெள்ளை. இதான் என் கட்சி. கடைசில "சரி, உங்க இஷ்டம், ஆனா ஜனங்க கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்"னு விட்டுட்டாங்க.

வெள்ளை எப்ப ஆகணும்னு ஒருநாள் சூட்ட வெச்சு முடிவு பண்ணக் கூடாது. அமெரிக்காவோட கடல், வானிலை அமைப்பு நோவா இதுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கு, முன்ன சொன்ன சூடான மாசத்துச் சராசரிய ஒரு டிகிரியாவது தாண்டுன சூட்ட மட்டும் கடைசி 12 வாரத்துக்குக் கூட்டிட்டே வருவாங்க, டிகிரி வாரம்னு சொல்லுவாங்க. கூட்டுத்தொகை 4 வந்தா நல்லா வெளிறும், 8 வந்தா கொத்துக்கொத்தா சாகும். சாட்டிலைட்ல இருந்து எடுத்த இந்த நம்பர் தினமும் ஓசில கிடைக்குது, நம்ம ஹைதராபாத்ல இருக்குற கடல் தகவல் மையம் இன்காய்ஸும் மன்னார் வளைகுடாவுக்கு வெளிறல் எச்சரிக்கை குடுக்குது. 12 வார வரலாற என் ப்ரோப்ப வெச்சு சேக்குறது ஆகாத காரியம், நடுவுல ஒரு நாள் கரண்ட் போனா கணக்கே கோணிரும். அதனால டிகிரி வாரம் சாட்டிலைட் நம்பர், சிம் மோடம் தினம் ஒருதடவ இழுத்துக்கும். ப்ரோப் எதுக்குன்னா சரிபார்க்க. சாட்டிலைட் கணக்கு ராத்திரி மேல்தண்ணிய வெச்சுப் போடுறது, பகல் வெயில் குழப்பம் வேண்டாம்னு, அதனால நானும் விடியறதுக்கு முன்னாடி ப்ரோப் காட்டுற சராசரியத்தான் அதோட ஒப்பிடுறேன். ரெண்டுக்கும் நடுவுல 2 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தாலோ, -127, 85 மாதிரி கோமாளி நம்பர் வந்தாலோ, மூணு நாளா நெட் நம்பர் வரலன்னாலோ சிலை அணைஞ்சிரும். முழு இருட்டு. அடியில ஒரு சின்ன லைட்டு மட்டும் எரியும், அது எனக்கு போன் பண்ணுங்கன்னு அர்த்தம். தெரியாதப்ப ஒரு அழகான கலர காட்டிட்டு நிக்குறதுக்கு இருட்டே மேல், இதுல நான் இறங்கி வரவே இல்ல.

பழுப்பு வரவெச்சதுதான் பெரிய பாடு. எல்இடில பழுப்புன்னு ஒரு கலரே கிடையாது, பழுப்புங்குறது சுத்தி வெளிச்சமா இருக்கும்போது மங்கலாத் தெரியுற ஆரஞ்சுதான். ஆரஞ்ச அப்படியே எரியவிட்டா தெருவிளக்கு சோடியம் லைட் மாதிரி இருக்கு, மங்க வெச்சா இருட்டுல மறுபடி ஆரஞ்சாவே தெரியுது. கடைசில நுனி பல்பு மட்டும் கொஞ்சம் வெளிறுன வெளிச்சத்துல, கிளை உடம்பு அதவிட நாலுல ஒரு பங்கு ஆரஞ்சுல கொஞ்சூண்டு பச்சை சேத்து, இப்படிப் போட்டதும் கண்ணு அதப் பழுப்புன்னு ஒத்துக்கிச்சு. நெசப் பவளத்துலயும் வளர்ற நுனி வெளிறித்தான் இருக்கும், அதனால பொருத்தமாவும் போச்சு. மறுநாளே ஒருத்தர் வந்து "என்ன தம்பி ஃபியூஸ் போன மாதிரி இருக்கு, அந்த நீலம் ஜோரா இருந்துச்சே"ன்னாரு.

எல்இடி பத்தி சுருக்கமா. பழசு டபிள்யூஎஸ்2812பிங்குற வகை, 5 வோல்ட், டேட்டா ஒரு பல்புல இருந்து அடுத்ததுக்குப் போகும், ஒரு பல்பு செத்தா அதுக்கப்புறம் இருக்குறது எல்லாம் போச்சு, நுனி எரியாததுக்கு அதான் காரணம். மாத்துனது டபிள்யூஎஸ்2815, 12 வோல்ட், டேட்டாவுக்கு ரெண்டு லைன் இருக்குறதால ஒண்ணு போனாலும் அடுத்தது எரியும், வோல்டேஜ் குறையுற தொல்லையும் கம்மி. மூடி ஒட்டுன சிலிக்கான் பசை புளிச்ச வாடை அடிக்கிற வகை, அந்தப் புளிப்பே செப்ப அரிக்கும், எலக்ட்ரானிக்ஸ் பக்கத்துல நியூட்ரல் க்யூர்னு கேட்டு வாங்கணும், பத்து இருபது ரூபாதான் ஜாஸ்தி.

ஸ்டீலுக்கு வருவோம். கிளையெல்லாம் டீ கொட்டுன மாதிரி பழுப்புக் கறை. பலகையில எஸ்எஸ் 316ன்னு ரகம் போட்டிருக்கு. காந்தம் ஒட்டல, அதனால 316தான்னு சாதிச்சாங்க, காந்தத்துக்கு 304ங்குற சாதா ரகமும் ஒட்டாது 316ம் ஒட்டாது, அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மாலிப்டினம் சோதிக்கிற சொட்டு மருந்து போட்டுப் பாத்தேன், கலர் வரல. 304தான். 316ல ரெண்டு மூணு சதவீதம் மாலிப்டினம் இருக்கும், கடக்காத்துல குளோரைட தாங்குறது அதுதான்.

ஆனா 304ன்னா மட்டும் இவ்வளவு கறை வராது, ஊரும் ஒரு காரணம். உப்பளத்து உப்புத் தூசி, தெர்மல் சாம்பல், கச்சான் காத்து அடிச்சா எல்லாம் சேந்து வந்து ஒட்டுது, நம்மூர்ல அதக் கழுவிவிட மழையும் ரொம்பக் கம்மி. கவனிச்சுப் பாத்தா மழை நேராப் படுற மேல்பக்கம் கறை கம்மி, கிளைக்கு அடிப்பக்கம், வெல்டிங் ஓரம்தான் மோசம். எங்க போட்டு வெல்டிங் அண்ணாச்சி கையால தடவிப் பாத்துட்டு, "கிரைண்டர் கோடு அப்படியே விட்டிருக்கான் பாரு, உப்பு உக்காரப் பாய் விரிச்ச மாதிரி"ன்னாரு. சொன்னது சரி, அரை மைக்ரானுக்குக் கீழ வழவழப்பா இருந்தா உப்பு பிடிக்கிறது குறையும், சொரசொரப்பா இருந்தா எஸ்எஸ் 316க்கே கறை ஏறும். வெல்டிங் கறைக்கு பிக்ளிங் பேஸ்ட் போடலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு, அதுல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கு, தோல்ல பட்டா எலும்பு வரைக்கும் போகும், பிள்ளைங்க ஓடி விளையாடுற இடத்துல அது வேண்டவே வேண்டாம்னுட்டோம். சிட்ரிக் ஆசிட் பத்து சதவீதம் கரைச்சு, மாவு சேத்து கூழாக்கி பூசி, ஊறவிட்டு, நைலான் ஸ்க்ரப்பர்ல தேச்சு, நல்ல தண்ணியில கழுவுனோம். கம்பி நார் தொடவே கூடாது, இரும்புத் துகள் ஒட்டி அதுவே துருப்பிடிக்கும். அதுக்கப்புறம் வழவழப்புக்கு பஃபிங், அண்ணாச்சி கைவேலை. மூடியப் புடிச்சிருந்த அலுமினிய ரிவிட் எல்லாம் வெள்ளைப் பொடியாப் போயிருந்துச்சு, எஸ்எஸ்ஸோட அலுமினியத்தச் சேத்து உப்புக்காத்துல விட்டா அலுமினியம்தான் பலி, அதெல்லாம் 316 ஸ்க்ரூ, நைலான் வாஷர் வெச்சு மாத்தியாச்சு.

ஒரு விஷயம், இந்த ஊர்ல பவளத்துக்கு சிலை வெக்கிறது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்ல. ஒரு காலத்துல இங்க பவளத்த வெட்டி எடுத்து சுண்ணாம்பாக் காய்ச்சுனாங்க, வீட்டுச் சுவத்துக்கே வெச்சாங்க. 2001ல வனவிலங்குச் சட்டத்துல புலிக்கு இருக்குற அதே முதல் அட்டவணையில பவளத்தச் சேத்தாங்க, சுனாமிக்கு அப்புறம்தான் வெட்டுறது நெசமாவே நின்னுச்சு. அதுக்குள்ள மன்னார் வளைகுடா 21 தீவுல பூவரசன்பட்டி, விலங்குசல்லின்னு ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிருச்சு, அலையத் தடுக்குற பார வெட்டுனா தீவு எப்படி நிக்கும். நம்ம கரைக்குப் பக்கத்துல இருக்குற வான் தீவும் கரைஞ்சு கொஞ்சம்தான் மிச்சம் இருந்துச்சு, அதக் காப்பாத்த கான்கிரீட் கட்டைகள ஓட்டை ஓட்டையா வார்த்து சுத்தி இறக்கினாங்க, இப்ப அதுல மீனும் பவளமும் ஏறுது. என்னக் கேட்டா ஊர்லயே நல்ல சுற்றுச்சூழல் சிலை அந்தக் கட்டைகள்தான், யாருக்கும் தெரியாம தண்ணிக்கடியில கிடக்கு. பிளாஸ்டிக் பாட்டில்ல மீன் செஞ்சு கடற்கரையில வெக்கிறாங்களே சில ஊர்ல, ரெண்டு வெயில் காலத்துல வெடிச்சுத் தூளாகி அதே கடலுக்குப் போகுது, அதுக்கு இது எவ்வளவோ மேல்.

இப்ப நிலவரம்: சிலை பழுப்புல எரியுது. ஒருதடவ மோடம் சிக்னல் போய் தானா அணைஞ்சுச்சு, ஊர்ல இருந்து நெறய போன், "லைட் போச்சு"ன்னு. கோடு சொன்ன வேலையச் செஞ்சிருக்கு, அவ்வளவுதான். பெட்டிக்கு புது ரப்பர், வயர் நுழையுற இடத்துல தண்ணி புகாத ஐபி67 கிளாண்ட், வெள்ளம் நின்ன கோட்டுக்கு ரெண்டடி மேல தூக்கி வெச்சாச்சு, கதவு உள்பக்கம் சர்க்கியூட்ட பிரின்ட் போட்டு லேமினேட் பண்ணி ஒட்டிருக்கேன், ஸ்பேர் ப்ரோப் ஒண்ணு பையில தொங்குது. மாசம் ஒருதடவ நல்ல தண்ணில கழுவுறதுக்கு ஆள் பேசியாச்சு, லாரித் தண்ணிக்கு யார் காசுங்குறது மட்டும் இன்னும் முடிவாகல. சிம் ரீசார்ஜ் என் கணக்குல ஓடுது, வருஷ பேக் போட்டுத் தாங்கன்னு கேட்டிருக்கேன். பாலிகார்பனேட் மூடி தெக்குப் பக்கம் மஞ்சளாகிருச்சு, யூவி பூச்சு உள்ள ஷீட் சொல்லிருக்கேன், வந்ததும் வாடைக்காத்து ஆரம்பிக்கிறதுக்குள்ள மாத்தணும், அதுக்கப்புறம் அந்த உயரத்துல ஏணில நிக்க முடியாது.